நாயும் பூனையும் ஒரே திண்ணையில்

இருவர் ஓயாமல் சண்டையிட்டால் "நாயும் பூனையும் போல" என்று சொல்வது நம் நாட்டு வழக்கம். வகுப்பில் இரண்டு தோழியர் ஒரு பென்சிலுக்காக வாய்ச்சண்டை போட்டாலும் இந்த உவமைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் கல்லங்குறிச்சியில் எங்கள் வீட்டுத் திண்ணையைப் பிற்பகல் வேளையில் வந்து பார்ப்பவர்கள் இந்த உவமையைச் சொல்லச் சற்றே தயங்குவார்கள். அங்கே நாய் கால் நீட்டிப் படுத்திருக்கும். இரண்டு முழம் தள்ளிப் பூனை சுருண்டு கிடக்கும். வாசலில் கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். ஆட்டுக்குட்டி முருங்கைக் கிளையை இழுத்துத் தின்றுகொண்டிருக்கும். ஒன்றை ஒன்று துரத்துவதில்லை. ஒன்றைக் கண்டு ஒன்று ஓடுவதும் இல்லை.

இந்த அமைதி தானாக வந்ததன்று. மூன்று குஞ்சுகளின் உயிரைக் கொடுத்த பிறகே இதை நாங்கள் கற்றுக்கொண்டோம். நம் தோழியர் பலர் வீட்டிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பிராணிகள் உண்டு. எங்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேர வேண்டாம் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுத முன்வந்தோம்.

நாங்கள் செய்த தவறு

எங்கள் ஊர் உழவர்களின் ஊர். இங்குள்ள கலியுக வரதராசப் பெருமாள் கோயிலின் தல வரலாறே காணாமற் போன ஒரு சினைப் பசுவைத் தேடிச் சென்ற கதையில்தான் தொடங்குகிறது. ஆடு, மாடு, கோழி இல்லாத வீட்டை எங்கள் பக்கம் காண்பது அரிது. எங்கள் வீட்டிலும் கோழிகள் எப்போதும் உண்டு. சென்ற ஆண்டு தை மாதத்தில் அடைகாத்த கோழி ஒன்று பதினோரு குஞ்சுகள் பொரித்தது. அந்த நேரத்தில்தான் உறவினர் ஒருவரின் முந்திரித் தோப்பிலிருந்து அப்பா ஒரு நாயைக் கொண்டுவந்தார். ஒரு வயது நிரம்பிய நாட்டு நாய். மணி என்று பெயரிட்டோம். தோப்பில் ஓணானையும் அணிலையும் துரத்தி வளர்ந்த நாய் அது. அதைப் பற்றி நாங்கள் சிறிதும் எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தம்பியும் நானும் பஞ்சாரத்தைத் திறந்து குஞ்சுகளுக்கு நொய் போட்டோம். மணியின் கழுத்துக் கயிற்றையும் அவிழ்த்துவிட்டோம். "எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள், பழகிக்கொள்ளட்டும்" என்பது எங்கள் எண்ணம். தாய்க்கோழி சிறகை விரித்துச் சீறியது. குஞ்சுகள் நாலா பக்கமும் சிதறி ஓடின. ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. நாங்கள் கத்திக்கொண்டு ஓடிப் பிடிப்பதற்குள் மூன்று குஞ்சுகள் செத்துக் கிடந்தன.

அப்பாவுக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. "இதை வண்டியில் ஏற்றிப் போய் எங்காவது தொலைவில் விட்டுவிடுகிறேன்" என்றார். தம்பி அழுதான். அப்போது அப்பாயிதான் குறுக்கே வந்தார். "நாயைக் கொண்டுவந்தது யாரு? பஞ்சாரத்தைத் திறந்தது யாரு? கயித்தை அவுத்தது யாரு? நாயா எல்லாத்தையும் செஞ்சுது?" என்று கேட்டார். எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வளர்த்த பிராணியைப் பசியாலும் தாகத்தாலும் வாடும்படி தெருவில் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அதைவிடவும் பெரிய குற்றம், நாம் செய்த தவறுக்கு வாயில்லாத பிராணியைத் தண்டிப்பது. அப்பா மனமிரங்கி மணிக்கு இரண்டு மாதத் தவணை கொடுத்தார். மறுநாளே நாங்கள் மாட்டாஸ்பத்திரிக்குப் போய்க் கால்நடை மருத்துவரிடம் யோசனை கேட்டோம். அவர் சொன்னதையும், பிறகு நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதையும், வீட்டில் செய்து பார்த்ததையும் கீழே வரிசையாகத் தருகிறோம்.

பகையா, பாஷை தெரியாமையா?

நாய்க்கும் பூனைக்கும் பிறவிப் பகை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் பாதிச் சண்டை ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாததால் வருவது. பிராணிகள் உடலால் பேசுகின்றன. நாய் வாலை வீசி ஆட்டினால் பெரும்பாலும் மகிழ்ச்சி என்று பொருள். பூனை வாலை அப்படி அடித்துக்கொண்டால் "எனக்குக் கோபம் வருகிறது, விலகிப் போ" என்று பொருள். நாய் வாலை ஆட்டிக்கொண்டு விளையாட ஓடிவரும். பூனையோ அதைச் சண்டைக்கான அழைப்பு என்று எண்ணி நகத்தை நீட்டும். பூனை வாலை அடித்துக்கொண்டு எச்சரிக்கும். நாயோ விளையாடக் கூப்பிடுவதாக எண்ணி மூக்கை நீட்டி அறை வாங்கும்.

இஸ்ரேல் நாட்டு டெல் அவிவ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் இருவர், ஒரே வீட்டில் வாழும் நாய்களையும் பூனைகளையும் கவனித்து 2008-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இளமையிலேயே ஒன்றாகப் பழகிய நாய்களும் பூனைகளும் ஒன்றன் உடல்மொழியை மற்றொன்று கற்றுக்கொள்கின்றன என்று அவர்கள் கண்டார்கள். பூனைக்கு ஆறு மாதமும் நாய்க்கு ஒரு வயதும் நிரம்புவதற்கு முன்பே பழக்குவது நல்லது என்றும், வீட்டுக்கு முதலில் பூனையும் பிறகு நாயும் வருவது நல்லது என்றும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் செய்தது நேர் மாறு. வயது வந்த நாயை முதலில் கொண்டுவந்தோம்; பூனைக்குட்டி பிறகு வந்தது. ஆகவே எங்களுக்குப் பாடு இரட்டிப்பாயிற்று.

தொட்டில் பழக்கம்

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று பெரியோர் சொல்வது மனிதருக்கு மட்டும் பொருந்துவதன்று. ஜிங் யாங் குவோ என்ற சீன அறிஞர் 1930-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சோதனையைப் பாருங்கள். எலி பிடிக்கும் தாயோடு வளர்ந்த 21 பூனைக்குட்டிகளில் 18 குட்டிகள் எலியைக் கொன்றன. தனியே வளர்ந்த 20 குட்டிகளில் 9 கொன்றன. பிறந்தது முதல் எலிகளோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளிலோ 3 மட்டுமே எலியைக் கொன்றன. அந்த மூன்றும்கூடத் தம்மோடு கூண்டில் வளர்ந்த எலி வகையைத் தொடவில்லை. பூனைக்கும் எலிக்குமே இப்படியென்றால் நாய்க்கும் பூனைக்கும் ஏன் முடியாது?

நாய்க்குட்டிக்குப் பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையும், பூனைக்குட்டிக்கு இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரையும் இந்தப் பழக்கம் எளிதில் படியும் பருவம் என்று அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த நாட்களில் அது யாரை அச்சமின்றிப் பார்த்து, முகர்ந்து, பக்கத்தில் படுத்து வளர்கிறதோ, அவர்களைத் தன் கூட்டத்தார் என்று ஏற்றுக்கொள்கிறது.

இதை நம் கீதாரிகள் புத்தகம் படிக்காமலே அறிந்திருக்கிறார்கள். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவதற்காக இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து காவிரிப் படுகையை நோக்கி ஆடுகளை ஓட்டி வருவது அவர்கள் தொழில். இரவில் கிடையைச் சுற்றி நாய் காவல் கிடக்கும். அந்நியன் நெருங்கினால் குதறிவிடும் நாய், காலடியில் படுத்திருக்கும் ஆட்டுக்குட்டியை ஒன்றும் செய்வதில்லை. துருக்கி, இத்தாலி முதலிய நாடுகளிலும் ஓநாயிடமிருந்து மந்தையைக் காக்கும் நாய்களைக் குட்டியிலேயே ஆட்டுப் பட்டியில் விட்டு வளர்க்கிறார்கள். காவல் காக்கும் குணமும் கொல்லாத குணமும் ஒரே நாய்க்குள் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வயது வந்த பிராணி வந்துவிட்டால் என் செய்வது? அப்போதும் முடியும். ஆனால் நாட்கள் அதிகம் பிடிக்கும். நம் பொறுமையும் அதிகம் வேண்டும்.

முதலில் மூக்கு, பிறகு கண்

பூனைக்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது சித்திரை மாதத்தில். தானிய மூட்டைகளை எலி கடித்ததால் அப்பாயி அதை வாங்கி வந்தார். சின்னி என்று பெயர். இம்முறை நாங்கள் அவசரப்படவில்லை.

சின்னியை முதல் வாரம் முழுவதும் தானிய அறையிலேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டோம். அதற்குத் தீனி, தண்ணீர், மலங்கழிக்க மணல் பரப்பிய பழைய தாம்பாளம் எல்லாம் உள்ளேயே. நாய்க்கும் பூனைக்கும் உலகம் மூக்கு வழியாகத்தான் தெரிகிறது. ஆகவே மணி படுத்த கோணிச் சாக்கைச் சின்னியின் அறையிலும், சின்னி படுத்த பழைய துணியை மணி படுக்கும் இடத்திலும் போட்டோம். முதல் நாள் சின்னி சாக்கைக் கண்டு முதுகை வளைத்துச் சீறியது. நான்காம் நாள் அதன் மேலேயே படுத்துத் தூங்கியது. முகம் தெரியாமலே ஒன்றுக்கொன்று பழகத் தொடங்கிவிட்டன.

இரண்டாம் வாரத்தில் சாத்திய கதவின் இரு பக்கமும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் சோறு வைத்தோம். "அந்த வாசனை வரும்போது வயிறு நிறைகிறது" என்ற எண்ணம் இரண்டுக்கும் பதியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மூன்றாம் வாரத்தில்தான் கதவைத் திறந்தோம். அப்போது மணி சங்கிலியில் இருந்தது. சங்கிலி அப்பாவின் கையில் இருந்தது. சின்னிக்கு ஓடி ஏறப் பரண் திறந்திருந்தது. ஐந்து நிமிடம் மட்டும் பார்க்கவிட்டு மீண்டும் பிரித்துவிட்டோம். இப்படி நாள்தோறும் நேரத்தைக் கூட்டினோம். ஒரு நாள் மணி மிகவும் நெருங்கி முகர்ந்தபோது சின்னி மூக்கில் ஓர் அறை விட்டது. அன்று முதல் மணி ஒரு முழத் தூரத்தில் நின்றே மரியாதை செய்கிறது.

கோழிகளுக்கும் இதே முறைதான், இன்னும் மெதுவாக. பஞ்சாரத்துக்குள் கோழிகள், பத்தடி தள்ளிச் சங்கிலியில் மணி. அது கோழியையே வெறித்துப் பார்த்தால் ஒன்றும் கொடுப்பதில்லை. கோழியை விட்டு எங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் உடனே ஒரு துண்டு கருவாடு. அமைதியாக இருக்கும் நாட்களில் ஓர் அடி முன்னே. திமிறினால் இரண்டு அடி பின்னே. அடித்தால் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அது தவறான யோசனை. கோழியைப் பார்க்கும் போதெல்லாம் அடி விழுந்தால், "இந்தக் கோழியால்தான் எனக்கு அடி" என்றே நாய் எண்ணும். பகை வளருமே அன்றி அடங்காது.

இதில் பார்த்துப் பழக வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. நாய் உடலை விறைத்து, வாயை மூடி, கண் இமைக்காமல் ஒன்றையே பார்த்தால், அடுத்த நொடி பாயப் போகிறது என்று பொருள். குரைக்கும் நாயைவிட அசையாமல் நிற்கும் நாயைத்தான் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் பெயர் சொல்லி அழைத்து அதன் முகத்தை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும்.

தனித் தட்டு, தனிச் சட்டி

வீட்டில் நடக்கும் சண்டைகளில் பெரும் பகுதி சோற்றுக்காகவே. பசித்த வயிறு உறவு பார்க்காது. எங்கள் வீட்டில் நான்கு பிராணிக்கும் நான்கு இடத்தில் தீனி. மணிக்குக் கொல்லைப்புறப் படியருகில். சின்னிக்குத் தானிய அறைத் திட்டின் மேல். அங்கே நாய் ஏற முடியாது. கோழிகளுக்கு வேலி அடைத்த மூலையில். ஆட்டுக்குட்டிக்குக் கொட்டிலில் தொங்கும் தழைக் கட்டு.

சண்டை வராமலிருக்க மட்டும் இந்த ஏற்பாடு அன்று. உடல் நலத்துக்கும் இதுவே வழி. பூனை இயல்பில் ஊன் உண்ணும் பிராணி. நாய்க்குப் போடும் வெறுஞ்சோற்றில் அது நெடுநாள் நலமாக வாழாது. மீனோ இறைச்சியோ முட்டையோ அதற்கு வேண்டும். ஆடு தழை தின்னும் பிராணி. கோழிக்குப் போட்ட சோளக் குருணையையோ அரிசியையோ ஆடு அளவுக்கு மீறித் தின்றுவிட்டால் வயிற்றில் புளிப்பு மிகுந்து, வயிறு உப்பி, உயிருக்கே ஆபத்தாகும். "எல்லாம் ஒரே வீட்டுப் பிராணி, ஒரே தொட்டியில் தின்னட்டும்" என்பது அன்பு போலத் தோன்றும்; உண்மையில் அது அறியாமை.

தண்ணீரும் அப்படியே. ஒரே சட்டி இருந்தால் வலியது குடிக்கும், எளியது தாகத்தோடு நிற்கும். அரியலூர்ப் பக்கத்துக் கோடையைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. இரண்டு மூன்று இடங்களில் மண்சட்டியில் தண்ணீர் வைத்து, காலையும் மாலையும் மாற்ற வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைக்கலம்

நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் எழுப்பிய திருத்தலத்தில் தேவ அன்னைக்கு அடைக்கல மாதா என்று பெயர். அடைக்கலம் என்பது அஞ்சி வந்தவர்க்குக் கிடைக்கும் பாதுகாப்பான இடம். அப்படி ஓர் இடம் வீட்டிலுள்ள ஒவ்வொரு பிராணிக்கும் வேண்டும்.

பூனைக்கு அடைக்கலம் உயரத்தில். பரண், அலமாரி மேல்தட்டு, சுவரில் அடித்த ஒரு பலகை, ஏதாவது ஒன்று போதும். மேலே ஏற வழியிருக்கும் பூனை நின்று பார்க்கும். வழியில்லாத பூனைதான் ஓடும் அல்லது கீறும். ஓடினால் நாய் துரத்தும். ஆகவே பூனைக்கு உயரத்தில் ஒரு பலகை அடிப்பது நாய்க்கும் செய்யும் நன்மை. கோழிக்கு அடைக்கலம் இரவில் தாழிட்ட கூண்டு, பகலில் பஞ்சாரம். நாய்க்கும் அடைக்கலம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆட்டுக்குட்டி முட்டாத, பூனை தொல்லை செய்யாத, சிறு பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுக்காத ஒரு மூலை அதற்கு இருக்க வேண்டும். உறங்கும்போதும் உண்ணும்போதும் அதை ஒருவரும் தொடக் கூடாது.

பொறாமை என்னும் நோய்

ஆட்டுக்குட்டி தாயை இழந்த குட்டி. தம்பி அதை மடியில் வைத்துப் பாட்டிலில் பால் கொடுப்பான். அதைக் கண்டு மணி உறுமத் தொடங்கியது. இது எங்களுக்கு வியப்பாக இருந்தது. அம்மாவுக்கு வியப்பில்லை. "நீ பொறந்தப்ப உன் அக்காளும் இப்படித்தான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா" என்று தம்பியிடம் சொல்லிச் சிரித்தார்.

இதற்கு அம்மா சொன்ன மருந்தே பலித்தது. மூத்ததை முதலில் கவனி. தம்பி பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் மணியின் தலையைத் தடவுவான்; பிறகே குட்டிக்குப் பால். பால் கொடுக்கும்போது மணி சும்மா படுத்திருந்தால் அதற்கும் ஒரு துண்டு ரொட்டி. குட்டி வந்தால் தனக்கும் ஏதோ கிடைக்கிறது என்று மணிக்குத் தெரிந்ததும் உறுமல் நின்றது. புதியது வந்ததால் பழையதற்கு ஒன்றும் குறையவில்லை என்று காட்டினாலே பொறாமை பாதி தீர்ந்துவிடும். இது பிராணிகளுக்கு மட்டும் பொருந்தும் பாடமா என்பதைத் தோழியரே சிந்தித்துக்கொள்ளலாம்.

நோயும் தடுப்பும்

பல பிராணிகள் ஒன்றாக வாழும் வீட்டில் நோயும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும். ஆகவே சந்தையிலிருந்து வாங்கி வரும் கோழியையோ ஆட்டையோ நேரே கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. இரண்டு மூன்று வாரம் தனியே கட்டி, நோயில்லை என்று கண்ட பின்பே சேர்க்க வேண்டும். கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியும், ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியும் கால்நடை மருத்துவமனையில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். நாய்க்கும் பூனைக்கும் உரிய காலத்தில் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். நாயின் மலத்திலுள்ள நாடாப்புழு முட்டை மேய்ச்சல் வழியாக ஆட்டின் வயிற்றுக்குள் போய்க் கேடு செய்யும். நாய்க்குப் பச்சைக் குடல், ஈரல் முதலியவற்றைப் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

எல்லாவற்றிலும் கொடியது வெறிநோய். 1885-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் இதற்குத் தடுப்பூசியை முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போட்டார். நம் மாநிலத்துக் குன்னூரில் 1907-ஆம் ஆண்டு முதலே பாஸ்டர் நிலையம் இருந்து வருகிறது. இருந்தும் இந்நோய் கண்டுவிட்டால் பிழைப்பது மிக அரிது. எனவே நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாத வயதில் தடுப்பூசி தொடங்கி ஆண்டுதோறும் போட வேண்டும். பிராணிகளின் சண்டையை விலக்கப் போய்க் கடியோ கீறலோ பட்டால், வளர்ப்புப் பிராணிதானே என்று மறைக்கக் கூடாது. பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சண்டையிடும் பிராணிகளுக்கு நடுவே கையை நுழைக்கவும் கூடாது. வாளித் தண்ணீரை ஊற்றினாலோ, ஒரு பலகையை நடுவே நீட்டினாலோ அவை பிரிந்துவிடும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

எல்லாப் பிராணியையும் எல்லாவற்றோடும் பழக்கிவிடலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நம் தமிழ்நாட்டுச் சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. ஓடும் சிறு பிராணியைக் கண்டால் துரத்துவது அவற்றின் இரத்தத்தில் ஊறியது. அப்படிப்பட்ட நாய் உள்ள வீட்டில் முயலும் கோழியும் வளர்க்க விரும்பினால் நடுவே உறுதியான வேலியே வழி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வேலியும் ஒரு வகைச் சமாதானம்தான்.

மேலும், பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்து மற்றப் பிராணிகளோடு வளர்க்கலாமா என்று ஒரு தோழி கேட்டாள். நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அணில் குஞ்சுக்கும் மைனாவுக்கும்கூட மரமே வீடு. வானத்தில் பறக்கப் பிறந்ததைக் கூண்டில் அடைத்து, அதன் கீழே பூனையையும் உலவ விடுவது அன்பாகாது.

அசிசியார் செய்த ஒப்பந்தம்

பிராணிகளின் நண்பர் என்று நாம் போற்றும் புனித அசிசி பிரான்சிசைப் பற்றி ஒரு கதை உண்டு. இத்தாலியில் குபியோ என்ற ஊரை ஓர் ஓநாய் நடுங்க வைத்ததாம். மக்கள் ஆயுதத்தோடு திரிந்தார்கள். பிரான்சிஸ் தனியே சென்று அதனோடு பேசி ஊருக்குள் அழைத்து வந்தார் என்பது வரை நம்மில் பலருக்குத் தெரியும். நாங்களும் அதுவரைதான் நினைவில் வைத்திருந்தோம். நன்னெறி வகுப்பில் அருட்சகோதரி மீதிக் கதையையும் சொன்னபோதுதான் அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது.

பிரான்சிஸ் ஓநாயிடம் மட்டும் வாக்குறுதி வாங்கவில்லை. பசியால்தான் அது கொன்றது என்று உணர்ந்து, ஊர் மக்களிடமும் வாக்குறுதி வாங்கினார். ஓநாய் ஒருவரையும் தொடாது. ஊரார் அதற்கு நாள்தோறும் உணவிட வேண்டும். இரு பக்கமும் சொல்லைக் காத்ததால் அமைதி நிலைத்தது என்று கதை முடிகிறது. 1979-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இந்தப் புனிதரைச் சுற்றுச்சூழலின் பாதுகாவலராக அறிவித்தார். அக்டோபர் 4-ஆம் நாள் அவருடைய திருநாள்.

இக்கதையை எண்ணும் போதெல்லாம் அப்பாயி கேட்ட கேள்வி எங்கள் காதில் ஒலிக்கிறது. மணியிடம் நாங்கள் வாக்குறுதி எதிர்பார்த்தோம். எங்கள் பங்கு என்ன என்று எண்ணவில்லை. கயிற்றை அவிழ்த்தது நாங்கள். பாஷை தெரியாதவற்றைக் கற்றுக்கொடுக்காமல் ஒன்றாக விட்டதும் நாங்கள். உயிரை இழந்ததோ மூன்று குஞ்சுகள். பழியைச் சுமக்க இருந்ததோ மணி.

முடிவாக

அப்பா கொடுத்த இரண்டு மாதத் தவணை எப்போதோ முடிந்துவிட்டது. அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. மணி வளர்ந்த கோழிகளுக்கு நடுவே நடந்து போகிறது. ஆனால் சிறு குஞ்சுகளோடு அதை இன்றும் தனியே விடுவதில்லை; இனியும் விடமாட்டோம். நம்பிக்கை வேறு, கவனக்குறைவு வேறு என்பதை விலை கொடுத்துக் கற்றவர்கள் நாங்கள்.

இக்கட்டுரையை எழுதும் இந்நாளில் அதே தாய்க்கோழி மறுபடியும் அடைகாத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் சில நாட்களில் குஞ்சு பொரிக்கும். மாலையில் பள்ளி விட்டுச் சென்றதும் தம்பியும் நானும் முதலில் செய்யும் வேலை, பஞ்சாரத்தின் மேல் வைத்த கல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான். மணியும் எங்களோடு வந்து, ஒரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, திண்ணைக்குத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

சமாதானம் செய்பவர்களை ஆண்டவர் பேறுபெற்றோர் வரிசையில் வைத்தார். அதற்குப் பெரிய சபைகளும் பெரிய பேச்சுகளும் வேண்டும் என்று நாம் நினைத்திருந்தோம். தனித் தட்டில் சோறு, உயரத்தில் ஒரு பலகை, கையில் ஒரு கயிறு, நாள்தோறும் சிறிது பொறுமை ஆகிய இவற்றாலும் ஒரு வீட்டளவு சமாதானத்தைச் செய்ய முடியும். அந்த வேலையை நம் வீட்டுத் திண்ணையிலிருந்தே தொடங்குவோமாக!